எரிபொருளின் வரலாறு – 14: ஆவிக்கு அஞ்சிய கடற்படை

1944 ஜூன் 19. பிலிப்பைன்ஸ் கடலில் ஜப்பானின் புத்தம்புது விமானந்தாங்கிக் கப்பலான தைஹோ மீது, அல்பகோர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ பாய்ந்தது. ஒன்றே ஒன்றுதான். கப்பல் பணியில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஓடுதளத்துக்கே இரும்புக் கவசம் போர்த்திக் கட்டப்பட்ட கப்பல் அது. ஒரு டார்பிடோவில் சாய்ந்துவிடாது. உண்மையில் சாயவும் இல்லை, போர் அணியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அடியின் அதிர்ச்சியில் விமானப் பெட்ரோல் தொட்டிகள் விரிசல் கண்டிருந்தன. விமானங்களை மேலேற்றும் லிஃப்டின் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கியது. நாற்றம் தாங்காமல், ஆவியை வெளியேற்றலாம் என்று காற்றோட்ட விசிறிகளை ஓடவிட்டார்கள். ஆவி வெளியே போகவில்லை. கப்பலின் ஒவ்வொரு அறைக்குள்ளும் பரவியது. டார்பிடோ தாக்கி ஆறு மணி நேரம் கழித்து, எங்கோ ஒரு பொறி. தைஹோ தன்னைத் தானே வெடித்துக்கொண்டு மூழ்கியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர்களுக்கும் இதே கதி நேர்ந்திருந்தது. 1942 மே 8, பவளக்கடல் போர். லெக்ஸிங்டன் கப்பல் டார்பிடோக்களையும் குண்டுகளையும் வாங்கிய பிறகும் தீயை அடக்கி, விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டோம் என்று மாலுமிகள் நினைத்த நேரத்தில், கசிந்த பெட்ரோலின் ஆவி கீழ்த்தளத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்னாக்கி ஒன்றை எட்டியது. அன்று மாலையே கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று. 1943 மார்ச் 27 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட் கழிமுகத்தில் பிரிட்டனின் டாஷர் கப்பல் வெடித்தபோது அருகில் எதிரியே இல்லை. அதற்கும் பெட்ரோல் ஆவியே காரணமாகக் கருதப்பட்டது. 379 பேர் இறந்தார்கள்.

ஜெட் எரிபொருளின் கதையைக் கப்பல்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஜெட் எஞ்சின் வந்தபோது அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் ஒரே எஞ்சின்களைத்தான் வாங்கின. ஆனால் அவற்றில் ஊற்ற வேண்டிய எண்ணெய் எது என்பதில் இரண்டும் வேறு வேறு வழியில் போயின. கடற்படை அஞ்சியது. விமானப்படை அஞ்சவில்லை. அந்த வேறுபாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது, அதற்கு விலையாக உயிர்கள் போயின.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எந்த எண்ணெயும் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அரிக்கேன் விளக்கின் அடியில் கிடக்கும் மண்ணெண்ணெய் சும்மா கிடக்க, திரியின் நுனி மட்டும் எரிவது இதனால்தான். ஒரு எண்ணெயின் மேல் நிற்கும் ஆவி, பொறி பட்டால் சட்டென்று பற்றி மறையும் மிகக் குறைந்த வெப்பநிலையை ஃபிளாஷ் பாயின்ட் என்கிறார்கள். பெட்ரோலுக்கு இது பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே. எந்தக் குளிரிலும் அது தயாராக நிற்கும். விமான மண்ணெண்ணெய்க்குக் குறைந்தது 38 டிகிரி செல்சியஸ். ஒரு தளத்தில் சிந்திய எண்ணெயைத் துடைத்து எடுக்க நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை இந்த ஒரு எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் எஞ்சினை 1937 ஏப்ரல் 12 அன்று ரக்பி நகரில் முதன்முதலாக ஓட்டியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். எரியறைக்குள் தேங்கியிருந்த எண்ணெயால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் சீறியதையும், சுற்றியிருந்தவர்கள் ஓட அவர் மட்டும் வால்வோடு நின்றதையும் சொன்னேன். பிஸ்டன் எஞ்சினைப் போல உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் வேண்டும் என்ற கட்டாயம் ஜெட் எஞ்சினுக்கு இல்லை. தெளித்தால் எரியும் எதுவும் அதற்குப் போதும். போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் ஜெட் விமானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பை யாரும் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவல்ல அது. தற்செயலாக வாய்த்த நன்மை.

அந்த நன்மை விரைவிலேயே கைநழுவியது. 1944இல் அமெரிக்கா வகுத்த முதல் தரம் ஜேபி-1. ஜெட் புரொப்பெல்லன்ட் என்பதன் சுருக்கமே ஜேபி. −60 டிகிரி வரை உறையாத மண்ணெண்ணெய் வேண்டும் என்று அதில் விதித்தார்கள். அந்த நிபந்தனைக்கு உட்படும் மண்ணெண்ணெய் சில வகைக் கச்சா எண்ணெயிலிருந்து மட்டுமே, அதுவும் கொஞ்சமாகவே கிடைத்தது. அடுத்த உலகப்போர் வந்தால் ஆயிரக்கணக்கான ஜெட் விமானங்களுக்கு இது எப்படிப் போதும்? அன்றைய தளபதிகளை உறங்கவிடாத கேள்வி இது. பீப்பாயிலிருந்து இன்னும் அகலமாக அறுத்தெடுப்பது, அதாவது மண்ணெண்ணெயோடு பெட்ரோல் பகுதியையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. 1947இல் வந்த ஜேபி-3 அப்படிப்பட்டது. அதன் ஆவியழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு, ஏறக்குறைய விமானப் பெட்ரோலுக்குச் சமம். விமானம் வேகமாக மேலேறும்போது, காற்றழுத்தம் குறையக் குறைய, எண்ணெய் டேங்கிலேயே கொதித்து நுரைத்து வெளியேறியது. எரிபொருள் குழாய்களில் ஆவி அடைத்துக்கொண்டது. 1951இல் அழுத்தத்தை 2 முதல் 3 பவுண்டுக்குக் குறைத்து ஜேபி-4 கொண்டுவந்தார்கள். கொதிப்பது நின்றது. ஆனால் ஃபிளாஷ் பாயின்ட் ஏறத்தாழ −18 டிகிரியில் கிடந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அமெரிக்க விமானப்படையின் ரத்தம் இதுதான். நேட்டோ நாடுகள் பலவும் இதற்கே மாறின. பிரிட்டன் இதற்கு அவ்டாக் என்று பெயர் வைத்தது. சோவியத் யூனியனோ மண்ணெண்ணெயை விடவில்லை. அதன் டிஎஸ்-1 எரிபொருளின் ஃபிளாஷ் பாயின்ட் 28 டிகிரி. பயணிகள் விமானங்களில் ஊற்றும் ஜெட் ஏ-1 அளவுக்கு இல்லை என்றாலும் ஜேபி-4ஐ விட எவ்வளவோ மேல்.

ஜேபி-4க்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அது மலிவு. எந்தச் சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தயாரிக்கலாம். கடுங்குளிரிலும் எஞ்சின் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொள்ளும். வானில் அணைந்துபோனால் மீண்டும் மூட்டுவதும் எளிது. 1951இன் அச்சங்களோடு பார்த்தால் அது அறிவில்லாத தேர்வு அல்ல.

அதன் ஆபத்தும் நேர்க்கோட்டில் செல்வதல்ல. காற்றில் ஆவி மிகக் குறைவாக இருந்தால் பற்றாது. மிக அதிகமாக இருந்தாலும் பற்றாது. மூடிய டேங்கில் பெட்ரோலின் ஆவி பெரும்பாலும் இரண்டாவது நிலையில் இருக்கும். மண்ணெண்ணெயின் ஆவி சாதாரண வெப்பத்தில் முதல் நிலையில் இருக்கும். ஜேபி-4 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சுமார் −20 டிகிரியிலிருந்து 18, 20 டிகிரி வரை, அதாவது ஐரோப்பாவின் வசந்தமும் இலையுதிர்காலமும் குளிர்காலமும் உலவும் வெப்பநிலை முழுவதிலும், அதன் டேங்கில் எண்ணெய்க்கு மேலே உள்ள இடைவெளி வெடிக்கத் தோதான கலவையால் நிரம்பியிருந்தது. வெப்பநாட்டில் தரையில் நிற்கும்போது ஆவி அடர்ந்து ஓரளவு காத்தது. விமானம் ஏறிக் குளிர்ந்து, எண்ணெய் தீரத் தீரக் காற்று உள்ளே புகும்போது அந்தக் காப்பும் போயிற்று.

1963 டிசம்பர் 8 அன்று மேரிலாண்டின் எல்க்டன் ஊருக்கு மேலே பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 ஒன்றை மின்னல் தாக்கியது. பயணிகள் விமானம்தான். ஆனால் அதன் டேங்கில் மண்ணெண்ணெயோடு ஜேபி-4ஐ ஒத்த கலவையும் சேர்ந்திருந்தது. இடது இறக்கையின் ஓரத்து டேங்கில் ஆவி வெடித்தது. விமானத்தில் இருந்த 81 பேரும் இறந்தார்கள். அதன் பிறகு பயணிகள் விமானத் துறை படிப்படியாக மண்ணெண்ணெயோடு நின்றுவிட்டது. விமானப்படை நிற்கவில்லை.

கடற்படைக்கு வருவோம். லெக்ஸிங்டனின் நினைவு அங்கே வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. அதில் தப்பியவர்கள் இன்னும் பணியில் இருந்தார்கள். எண்ணெய், வெடிகுண்டு, ஆயிரக்கணக்கான மனிதர்கள் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருக்கும்போது −18 டிகிரி எண்ணெயைச் சேர்த்து வைக்க அவர்கள் ஒப்பவில்லை. 1952இல் தங்களுக்கென்றே ஜேபி-5ஐ வகுத்துக்கொண்டார்கள். ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 60 டிகிரி. சாதாரண மண்ணெண்ணெயிலிருந்தே மெல்லிய பகுதியைக் கழித்துவிட வேண்டியிருந்ததால் ஒரு பீப்பாயில் கிடைக்கும் அளவு குறைவு, விலை கூடுதல். கடற்படை அந்த விலையைத் தயங்காமல் கொடுத்தது. வானிலேயே விமானப்படையின் டேங்கரிடம் ஜேபி-4 நிரப்பிக்கொண்டு வந்து இறங்கும் விமானத்தைக் கீழ்த்தளக் கொட்டகைக்குள் விடவே மாட்டார்கள். சிறிதளவு ஜேபி-4 கலந்தாலே மொத்த எண்ணெயின் ஃபிளாஷ் பாயின்ட் சரிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் 1967 ஜூலை 29 வந்தது.

டான்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் கப்பல். காலை 10.51. ஓடுதளத்தில் விமானங்கள் புறப்பாட்டுக்கு வரிசையாக நின்றன. ஒரு ஃபேன்டம் விமானத்தில் மின் இணைப்பை மாற்றும்போது ஏற்பட்ட மின்னழுத்தத் துள்ளலில், அதில் மாட்டியிருந்த ஜூனி ராக்கெட் தானாகப் பாய்ந்தது. எதிரே நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் வெளி டேங்கை அது கிழித்தது. ஜேபி-5 ஓடுதளத்தில் கொட்டிப் பரவிப் பற்றிக்கொண்டது. 60 டிகிரி எண்ணெய் பற்றுமா என்றால், பற்றும். கிழிந்த டேங்கிலிருந்து சிதறிய துளிகளுக்கு ஃபிளாஷ் பாயின்ட் பெரிய தடையல்ல. பற்றிய இடம் பக்கத்தை சூடாக்க, பக்கம் அதற்கடுத்ததை சூடாக்கும்.

தீயணைப்புக் குழுவின் தலைவர் ஜெரால்ட் ஃபேரியர் பாதுகாப்பு உடைகூட அணியாமல், கையில் ஒரு பொடி அணைப்பானோடு ஓடினார். ஓடுதளத்தில் உருண்டு கிடந்த குண்டைக் குளிரவைத்து நேரம் வாங்குவதே அவர் எண்ணம். தீயில் குண்டு பல நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு. ஆனால் அன்று கப்பலில் ஏற்றப்பட்டிருந்த ஆயிரம் பவுண்டு குண்டுகளில் பல பழைய சரக்கு, தீயின் வெப்பத்தை அதிகம் தாங்காதவை. தீப்பிடித்து சுமார் ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்தது. ஃபேரியரும், பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களில் பெரும்பாலோரும் அந்த இடத்திலேயே மடிந்தார்கள். அடுத்தடுத்து வெடித்த குண்டுகள் தளத்தைத் துளைத்தன; எரியும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக, இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்தவர்களின் அறைகளுக்குள் வழிந்தது. மேலே, பயிற்சி இல்லாத மாலுமிகள் கிடைத்த குழாயைப் பிடித்துக் கடல்நீரைப் பாய்ச்சினார்கள். ஒரு குழு நுரை போர்த்தி அணைத்த இடத்தில் இன்னொரு குழுவின் தண்ணீர் அந்த நுரையைக் கழுவிக்கொண்டு போயிற்று. 134 பேர் இறந்தார்கள்.

இப்படி இறந்த மாலுமிகளைப் பற்றி எழுதும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபாரஸ்டலைக் காட்டி ஜேபி-5 பயனற்றது என்று வாதிட்டவர்கள் உண்டு. அது தவறு. உயர்ந்த ஃபிளாஷ் பாயின்ட் தீயைத் தடுக்கும் மந்திரம் அல்ல. அது வாங்கித் தருவது நேரம். அன்று கிடைத்த அந்த நேரத்தைப் பழைய குண்டுகளும், பயிற்சிக் குறைவும், விதிகளைச் சுருக்கிய அவசரமும் தின்றுவிட்டன. கடற்படையும் அப்படித்தான் புரிந்துகொண்டது. எண்ணெயை மாற்றவில்லை, மற்ற எல்லாவற்றையும் மாற்றியது. ஓடுதளத்தையே நனைக்கும் தெளிப்பு ஏற்பாடு வந்தது. கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தீயணைப்புப் பயிற்சி கட்டாயமானது. நார்ஃபோக்கில் உள்ள பயிற்சிப் பள்ளிக்கு ஃபேரியரின் பெயர். கடற்படை ஆய்வகம் 3எம் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, எண்ணெய் மேல் படலமாகப் படரும் புதுவகை நுரை கப்பல்களில் நிறைந்தது. அந்த நுரையில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் நஞ்சு என்பது பல பத்தாண்டுகள் கழித்தே உலகுக்குத் தெரியவந்தது.

வியட்நாமில் விமானப்படை என்ன செய்துகொண்டிருந்தது? தரையிலிருந்து வந்த சிறு குண்டுகள் ஜேபி-4 டேங்குகளைத் தொட்டு விமானங்களை எரித்தன. 1960களின் இறுதியில் டேங்குகளுக்குள் வலைப்பின்னல் போன்ற பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு திணிக்கப்பட்டது. ஆவி வெடித்தாலும் சுடர் ஓடாமல் அது தடுத்தது, உயிர்களையும் காத்தது. ஆனால் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்திட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. அதே வானில், அதே எதிரியின் துப்பாக்கிகளுக்கு எதிரே, கடற்படை விமானங்கள் ஜேபி-5இல் பறந்துகொண்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சோதனைக்கூடம் தேவையில்லை. 1951இல் ஜேபி-4ஐத் தேர்ந்தது புரிகிறது. வியட்நாமுக்குப் பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது புரியவில்லை.

மாற்றம் கடைசியில் வந்தது. 1970களில் உருவான ஜேபி-8, பயணிகள் விமானங்களின் ஜெட் ஏ-1தான்: ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 38 டிகிரி, உறைநிலை −47. மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானத்தில் ஏடிஎஃப் என்று நிரப்பப்படுவதும் இதே ஜெட் ஏ-1தான். படைக்கென அதில் சேர்த்தவை மூன்று. உலோகம் அரிக்காமலும் பம்ப் தேயாமலும் காக்க ஒன்று. நிலைமின்னை வடிக்க ஒன்று: வடிகட்டி வழியாக வேகமாகப் பாயும் எண்ணெய் மின்னேற்றம் பெறும், தூய எண்ணெய் மின்னைக் கடத்தாது என்பதால் அது டேங்குக்குள் பொறியாகப் பாய்ந்து, நுரைப்பஞ்சு திணித்த டேங்குகளிலேயே தீ மூட்டியிருக்கிறது. ஆகவே எண்ணெயின் கடத்துதிறன் மீட்டருக்கு 150 முதல் 600 பிகோசீமன்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள்.

மூன்றாவது, பனிக்கட்டித் தடுப்பான். அதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1958 பிப்ரவரியில் தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த் தளத்தில் இறங்க வந்த பி-52 குண்டுவீச்சு விமானத்தில் எஞ்சின்கள் எல்லாமே அடங்கிப்போயின. எண்ணெயில் கரைந்திருந்த ஈரம் பனியாக உறைந்து வடிகட்டிகளை அடைத்திருந்தது. அதன்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் கிளைக்கால் ஈதர் வகை ஒன்றைக் கலக்கத் தொடங்கினார்கள். மண்ணெண்ணெயைத் தின்று வளரும் ஒரு பூஞ்சை உண்டு. எண்ணெயின் அடியில் தேங்கும் நீரில் அது வேர்விட்டு டேங்குகளை அரிக்கும். இந்தத் தடுப்பான் அதையும் அடக்கியது. யாரும் எதிர்பாராத கூடுதல் பயன்.

அமெரிக்க விமானப்படை 1970களின் கடைசியில் பிரிட்டனில் இருந்த தன் தளங்களில் ஜேபி-8க்கு மாறத் தொடங்கி, 1990களின் நடுவில்தான் சொந்த நாட்டில் மாறி முடித்தது. எண்ணெய் கனமானது, ஒரு லிட்டரில் ஆற்றல் கூடுதல், விமானம் கூடுதல் தூரம் போனது. கடுங்குளிரில் எஞ்சின் பற்றத் தாமதித்தது, அதைச் சமாளித்தார்கள். ஒரே எண்ணெயை விமானத்துக்கும் லாரிக்கும் டாங்கிக்கும் ஊற்றலாம் என்ற திட்டமும் கூடவே வந்தது. பெரும்பாலும் பலித்தது, ஆனால் டாங்கிகள் டீசலை எஞ்சின் சூட்டில் தெளித்து எழுப்பிய புகைத்திரை ஜேபி-8இல் சரியாக எழவில்லை.

வேறொரு முறையீடு எழுந்தது, அதை எழுப்பியவர்கள் விமானிகள் அல்ல. எண்ணெய் நிரப்புபவர்கள், டேங்குக்குள் நுழைந்து பழுது பார்ப்பவர்கள், குளிர்காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது பின்னால் நிற்பவர்கள். ஜேபி-4 தோலில் பட்டால் ஆவியாகிப் போய்விடும். ஜேபி-8 போகாது. சீருடையில் ஊறி, வீடு வரை நாற்றமாகக் கூடவே வந்தது. தோல் எரிந்தது, தலை வலித்தது. ஜேபி-4ஐ விட இதில் பென்சீன் குறைவு என்பது உண்மை. ஆனால் ஆவியாகாத குணம்தானே தீயிலிருந்து காத்தது, அதே குணம்தான் உடலில் ஒட்டிக்கொண்டும் நின்றது. இதன் ஆவியைச் சுவாசிப்பதற்குப் படை வகுத்திருந்த தற்காலிக வரம்பு போதுமான காப்பு தராமல் போகலாம் என்று 2003இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு எழுதியது.

ஜேபி-5இன் கதையில் இன்னும் கசப்பான அத்தியாயம் ஹவாயில் எழுதப்பட்டது. முத்துத் துறைமுகத்துக்கு அருகே ரெட் ஹில் என்ற குன்றைக் குடைந்து 1940க்கும் 1943க்கும் இடையே கடற்படை 20 நிலத்தடித் தொட்டிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், சுமார் 4.7 கோடி லிட்டர் கொள்ளளவு. எதிரியின் குண்டு எட்டாத இடம். ஆனால் தொட்டிகளுக்கு 100 அடி கீழே ஓஹாகு தீவின் குடிநீர் ஊற்று. 2021 மே மாதம் நடந்த கசிவில் ஏறத்தாழ 75,000 லிட்டர் ஜேபி-5 தீயணைப்பு அமைப்பின் வடிகுழாய்க்குள் போய்த் தங்கியது. யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நவம்பர் 20 அன்று அந்தக் குழாயில் ஒரு வண்டி இடித்து எண்ணெய் வெளியேறியது, கிணற்றை அடைந்தது. சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் கொடுத்த குழாய்களில் அது ஓடியது. தண்ணீரில் எண்ணெய் நாறுகிறது என்று குடும்பங்கள் புகார் சொன்னபோது, முதலில் கிடைத்த பதில் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது என்பது. குழந்தைகளுக்குத் தடிப்பும் வாந்தியும் வந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறி விடுதிகளில் தங்கின.

2022 மார்ச் 7 அன்று ரெட் ஹில்லை நிரந்தரமாக மூட அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டார். உத்தரவுக்குப் பிறகும் தொட்டிகளைக் காலிசெய்யும் வேலையைத் தொடங்க 2023 அக்டோபர் வரை ஆயிற்று. பழைய குழாய்களை முதலில் செப்பனிடாமல் எண்ணெயை வெளியே எடுப்பதே ஆபத்து என்ற நிலையில் அவை இருந்தன.

ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்தில் இறக்கையே அடுப்பாகச் சுடும். அதற்காக உருவான ஜேபி-7ஐயும், அதைப் பற்றவைக்கத் தனியே சுமந்து சென்ற டிரைஎத்தில்போரேனையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)